கணக்கு ஆசிரியருக்கு எவ்வளவு கணக்கு தெரிந்திருக்க வேண்டும்?

தமிழ்ப்பள்ளியில் பிள்ளையைச் சேர்க்கும் பெற்றோர் பள்ளியின் தேர்ச்சி நிலையைக் கேட்பார்கள், பேருந்து வசதியைக் கேட்பார்கள், ஆசிரியர் கண்டிப்பானவரா என்றும் கேட்பார்கள். அந்த ஆசிரியருக்குக் கணிதம் எந்த அளவுக்குக் கைவந்தது என்று கேட்பவர் மிகக் குறைவு. முறையாகப் பயிற்சி பெற்றுச் சான்றிதழ் வாங்கியவருக்கு ஆறாம் ஆண்டுக் கணக்கு தெரியாமலா போகும் என்ற நம்பிக்கைதான் காரணம்.

அந்த நம்பிக்கை பாதி சரி. ஆறாம் ஆண்டுக் கணக்கைப் போட எல்லா ஆசிரியருக்கும் தெரியும். அதை ஏன் அப்படிப் போடுகிறோம் என்று பத்து வயதுப் பிள்ளைக்கு விளங்கச் சொல்வது வேறு திறன். ஆசிரியராகச் சான்று பெற எவ்வளவு கணிதம் வேண்டும் என்று நாடுகள் வகுக்கும் நிபந்தனைகள் பெரும்பாலும் முதல் திறனை மட்டுமே அளக்கின்றன. நம் நாட்டிலும் நிலைமை அதுதான்.

நம் நாட்டில் வாசல் எங்கே இருக்கிறது?

தோட்டப் பள்ளிகளின் தொடக்க காலத்தில் வாசல் என்று ஒன்று இருந்ததே இல்லை. 1912ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் தோட்ட நிர்வாகம் பள்ளி நடத்த வேண்டும் என்றது. யார் கற்பிக்க வேண்டும் என்பதில் அக்கறை இல்லை. எழுதப் படிக்கத் தெரிந்த கிராணியோ கங்காணியோ பல தோட்டங்களில் ஆசிரியராக நின்றார்கள். சம்பளச் சீட்டைப் பார்த்துக் கூட்டத் தெரிந்தால் அதுவே கணிதத் தகுதி. சுதந்திரத்துக்குப் பிறகும் வெகுகாலம் பயிற்சி பெறாத தற்காலிக ஆசிரியர்களை நம்பியே பல தமிழ்ப்பள்ளிகள் நடந்தன. பள்ளி விடுமுறைகளில் பயிற்சிக்குப் போய் வந்து பட்டயம் பெற்றவர்கள் இன்றும் பணியில் இருக்கிறார்கள்.

இன்று நிலைமை பெரிதும் மாறிவிட்டது. தொடக்கப்பள்ளி ஆசிரியராக விரும்புவோருக்கு முக்கிய வழி, ஆசிரியர் கல்விக் கழகங்கள் நடத்தும் இளங்கலைப் பட்டப் படிப்பு. எஸ்பிஎம் முடித்தவர் ஆயத்த வகுப்பையும் நான்கு ஆண்டுப் பட்டப் படிப்பையும் முடித்து, கல்விச் சேவை ஆணையத்தின் நேர்முகத் தேர்வையும் தாண்டினால் ஆசிரியர். 2013-2025 மலேசியக் கல்வி மேம்பாட்டுத் திட்டம், தேர்ச்சியில் முதல் 30 விழுக்காட்டுக்குள் வருவோரையே ஆசிரியர் பயிற்சிக்கு எடுக்க வேண்டும் என்ற இலக்கை வைத்தது. எஸ்பிஎம்மில் ஐந்து பாடங்களில் 'ஏ' வேண்டும் என்ற பொது நிபந்தனையும் மேல்நிலைத் தேர்ச்சியை எதிர்பார்ப்பதுதான். தமிழ்ப்பள்ளிக்கு விண்ணப்பிப்பவர் தமிழ்மொழியிலும் தேர்ச்சி காட்ட வேண்டும். கணிதத்தை முதன்மைப் பாடமாக எடுப்பவருக்குக் கணிதத்தில் தனி நிபந்தனை உண்டு.

ஆனால் தமிழ்மொழியையோ உடற்கல்வியையோ முதன்மைப் பாடமாக எடுத்தவரும் நாளை கணிதம் கற்பிக்க நேரலாம். அவருடைய கணிதத் தகுதி பதினேழு வயதில் எழுதிய எஸ்பிஎம் தாளோடு நின்றுவிடுகிறது. எஸ்பிஎம்மில் கணிதம் கட்டாயப் பாடமே தவிர, அதில் தேறாவிட்டாலும் சான்றிதழ் கிடைக்கும். மலாய்மொழியிலும் வரலாற்றிலும் தேறாவிட்டால்தான் கிடைக்காது. அரசுப் பல்கலைக்கழகங்களின் கல்வியியல் பட்டப் படிப்புக்குப் பல ஆண்டுகளாக வைக்கப்பட்டுவந்த 'மெட்சி' சோதனை ஆளுமையையும் தொழில் நாட்டத்தையும் அளக்கும். அதில் கணக்கு வராது.

ஆங்கில ஆசிரியர்களின் கதை வேறு. 2012இல் அவர்களைக் கேம்பிரிட்ஜ் மொழித் தேர்வு எழுத வைத்தார்கள். குறைந்த நிலையில் இருந்தவர்கள் மறுபயிற்சிக்கு அனுப்பப்பட்டார்கள். பணியில் உள்ள ஆசிரியரின் பாட அறிவைச் சோதிப்பது அவமானம் என்ற முணுமுணுப்பு அப்போதும் எழுந்தது. ஆனாலும் சோதனை நடந்தது.

ஒன்றே முக்காலை அரையால் வகுத்தால்

கணிதத்தில் இரண்டு திறன்கள் உண்டு என்பதைக் காட்ட ஒரு கணக்கு போதும். 1¾ ÷ ½. விடை 3½. இரண்டாவது பின்னத்தைத் தலைகீழாக்கிப் பெருக்கு என்ற விதி தெரிந்தவர் அரை நிமிடத்தில் போட்டுவிடுவார்.

இப்போது அதே கணக்குக்கு ஒரு கதை சொல்லச் சொல்லுங்கள். பெரியவர்களில் பலர் இப்படித்தான் தொடங்குவார்கள்: 'ஒன்றே முக்கால் கிலோ சீனி இருக்கிறது, இரண்டு பேருக்குப் பாதிப் பாதியாகப் பிரித்தால்...' அது இரண்டால் வகுப்பது. ஆளுக்குக் கிடைப்பது ஒரு கிலோவுக்கும் குறைவு. சரியான கதை வேறு: ஒன்றே முக்கால் கிலோ சீனியை அரைக் கிலோ பொட்டலங்களாகக் கட்டினால் எத்தனை பொட்டலம் வரும்? மூன்று முழுப் பொட்டலமும் இன்னொன்றில் பாதியும். வகுத்தால் விடை சிறியதாக வரவேண்டும் என்று நினைக்கும் பிள்ளைக்கு, இங்கே ஏன் விடை பெரிதாகிறது என்பது அந்தப் பொட்டலங்களைப் பார்த்தவுடன் விளங்கிவிடும். பாதியாக வகுப்பதும் அரையால் வகுப்பதும் தமிழில் ஏறக்குறைய ஒன்றுபோல் ஒலிப்பதால் நம் வகுப்பறையில் இந்தக் குழப்பம் கூடுதலாகவே வரும்.

இந்தக் கணக்கைத்தான் சீனாவில் பிறந்து அமெரிக்காவில் ஆய்வு செய்த லிப்பிங் மா, இரு நாட்டுத் தொடக்கப்பள்ளி ஆசிரியர்களிடமும் கேட்டார். 1999இல் அவருடைய ஆய்வு நூலாக வந்தது. அமெரிக்க ஆசிரியர்கள் 23 பேரில் விடையை முழுமையாகச் சரியாகக் கண்டவர்கள் ஒன்பது பேர். பொருத்தமான கதை சொன்னவர் ஒரே ஒருவர். சீன ஆசிரியர்கள் 72 பேரும் விடை கண்டார்கள். அவர்களில் 65 பேர் பொருத்தமான கதையும் சொன்னார்கள், சிலர் ஒன்றுக்கு மேற்பட்ட கதைகளை.

இதில் ஊன்றிக் கவனிக்க வேண்டியது படிப்பின் உயரம். அமெரிக்க ஆசிரியர்கள் பட்டதாரிகள். சீன ஆசிரியர்களில் பெரும்பாலோர் ஒன்பதாம் வகுப்புக்குப் பின் இரண்டு மூன்று ஆண்டு பயிற்சிப் பள்ளியில் படித்தவர்கள், அவ்வளவுதான். உயர் கணிதத்தில் அமெரிக்கர்களே அதிகம் படித்திருந்தார்கள். ஆனால் தொடக்கப்பள்ளிக் கணிதத்தைச் சீனர்கள் ஆழமாகக் கற்றிருந்தார்கள். கற்பிக்கத் தொடங்கிய பிறகும் பாடநூலைச் சக ஆசிரியர்களோடு உட்கார்ந்து அலசுவது அவர்கள் வழக்கம். பட்டம் உயர்ந்தால் கற்பித்தலும் தானாக உயரும் என்று நம்புகிற எந்த நாட்டுக்கும் இந்த ஆய்வு சற்று உறுத்தலாகவே இருக்கும்.

தசமத்திலும் இப்படி ஓரிடம் உண்டு. 0.35, 0.6 இரண்டில் எது பெரியது என்றால் பல பிள்ளைகள் 0.35 என்பார்கள், 35 என்பது 6ஐவிடப் பெரியது என்பதால். 'பின்னால் ஒரு பூஜ்யம் போட்டுப் பார்' என்று சொல்லும் ஆசிரியர் அன்றைய விடையைத் திருத்திவிடுகிறார். பிள்ளையின் மனத்தில் உள்ள தவறு அப்படியே இருக்கிறது. இட மதிப்பில்தான் கோளாறு என்று கண்டுபிடித்து 35 சென், 60 சென் என்று காசை எடுத்து வைப்பவர் அந்தத் தவறை வேரிலேயே திருத்துகிறார். தவறான விடையைப் பார்த்தவுடன் பிள்ளை எப்படி நினைத்தது என்று ஊகிக்கும் இந்த அறிவைத்தான் கல்வி ஆய்வாளர் டெபோரா பாலும் அவர் குழுவினரும் கற்பிப்பதற்கான கணித அறிவு என்று தனியாகப் பிரித்தார்கள். 2005இல் அவர்கள் வெளியிட்ட ஆய்வில், இந்த அறிவில் மேம்பட்ட ஆசிரியர்களிடம் படித்த முதலாம், மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் கூடுதலாக முன்னேறியிருந்தார்கள். முதலாம் வகுப்பில்கூட இந்த வேறுபாடு தெரிந்தது. கீழ் வகுப்புக்கு யார் போனாலும் சமாளிக்கலாம் என்று அட்டவணை போடும் பள்ளிகள் யோசிக்க வேண்டிய இடம் இது.

மலேசியா இந்த வகை அறிவில் எங்கே நிற்கிறது என்பதற்கு ஓர் அளவீடு உண்டு, சற்றுப் பழையது. 2008இல் டெட்ஸ்-எம் என்ற அனைத்துலக ஆய்வு 17 நாடுகளில் பயிற்சியின் இறுதிக் கட்டத்தில் இருந்த ஆசிரியர்களைச் சோதித்தது. மலேசியாவும் சிங்கப்பூரும் பங்கேற்றன. சராசரி 500 புள்ளி. தொடக்கப்பள்ளிக் கணிதத்தைச் சிறப்புப் பாடமாக எடுத்தவர்களில் சிங்கப்பூர்ப் பயிற்சியாளர்கள் 600 புள்ளி பெற்றார்கள். நம்மவர்கள் 488. அதே ஆண்டுகளில் மாணவர்களின் நிலையும் இறங்கியது. டிம்ஸ் ஆய்வில் இரண்டாம் படிவ மாணவர்களின் கணிதப் புள்ளி 1999இல் 519, 2011இல் 440. இடையில் சற்று ஏறி, 2023இல் 411க்கு இறங்கிவிட்டது. முழுப் பழியையும் ஆசிரியர் தலையில் போட முடியாது. பாடத்திட்டமும் பயிற்று மொழியும் மாறி மாறி வந்த காலம் அது, கோவிட் காலத்தில் பள்ளிகளும் மூடிக் கிடந்தன. ஆனாலும் ஆசிரியர் பக்கத்தைத் தொடாமல் இந்த எண்களை விளக்கவும் முடியாது.

தேர்வு வைத்த நாடுகள்

அப்படியானால் ஆசிரியராகச் சான்று பெறும் முன் எல்லாருக்கும் ஒரு கணிதத் தேர்வு வைத்துவிட்டால் என்ன? பல நாடுகள் வைத்துப் பார்த்திருக்கின்றன.

இங்கிலாந்து 2000ஆம் ஆண்டில் எண்திறன் தேர்வைக் கொண்டுவந்தது. வரலாறு கற்பிப்பவரும் இசை கற்பிப்பவரும் எழுதியே ஆக வேண்டும். மொத்தம் 28 கேள்விகள். அவற்றில் 12 காதால் கேட்டு மனக்கணக்காகப் போட வேண்டியவை. 2013 முதல் பயிற்சியில் சேருவதற்கு முன்பே தேற வேண்டும் என்று இறுக்கினார்கள். மூன்று முறை தவறினால் இரண்டு ஆண்டு காத்திருக்க வேண்டும் என்ற விதியும் இருந்தது. பிறகு ஆசிரியர் பற்றாக்குறை வந்தது. 2018இல் அந்தத் தடை தளர்ந்தது, 2020இல் தேர்வே நிறுத்தப்பட்டது. பள்ளி இறுதித் தேர்வில் கணிதத்தில் 4ஆம் நிலைத் தேர்ச்சி வேண்டும் என்ற பழைய நிபந்தனை மட்டும் தொடர்கிறது.

ஆஸ்திரேலியா 2016இல் எழுத்தறிவு, எண்ணறிவுத் தேர்வைக் கட்டாயமாக்கியது. நாட்டின் வயதுவந்தோரில் முதல் 30 விழுக்காட்டினருக்கு இணையான திறன் ஆசிரியரிடம் வேண்டும் என்பது அங்கே அளவுகோல். நம் நாட்டுத் திட்டத்தில் உள்ள அதே 30தான். இங்கே பள்ளித் தேர்ச்சியில் தேடுகிறோம், அவர்கள் தனித் தேர்வு வைக்கிறார்கள்.

அமெரிக்காவில் ஒவ்வொரு மாநிலமும் ஒரு வழி. மாசசூசெட்ஸ் மாநிலம் 2009இல், தொடக்கப்பள்ளி ஆசிரியர் உரிமத்துக்குக் கணிதத்தைத் தனிப் பகுதியாகப் பிரித்துத் தேர்ச்சி கேட்டது. முன்பெல்லாம் மற்றப் பாடங்களில் நன்றாகச் செய்து கணிதத்தை ஈடுகட்டிவிடலாம். அந்த வழி அடைபட்டதும், முதல் தேர்வில் தேறியவர்கள் 27 விழுக்காடு மட்டுமே. அந்த மாநிலம் அதைக் கண்டு தேர்வைக் கைவிடவில்லை, ஆசிரியர் கல்லூரிகள் கணிதப் பாடங்களைக் கூட்ட வேண்டியதாயிற்று. இதற்கு நேர் எதிர்த் திசையில், நியூ ஜெர்சி மாநிலம் ஆள் பற்றாக்குறையை முன்னிட்டு, வாசிப்பு, எழுத்து, கணிதம் ஆகிய அடிப்படைத் திறன் தேர்வை 2025 ஜனவரி 1 முதல் நீக்கிவிட்டது.

கலிபோர்னியாவில் நடந்ததை நம் சமூகம் தெரிந்துவைத்திருப்பது நல்லது. அங்கே 1980களில் வந்த அடிப்படைத் திறன் தேர்வில் வெள்ளையரைவிடச் சிறுபான்மையினர் அதிகமாகத் தவறினார்கள். மெக்சிக வழியினரான கல்வியாளர்களும் பிறரும் வழக்குத் தொடுத்தார்கள். தங்கள் இனப் பிள்ளைகளுக்குத் தங்கள் இன ஆசிரியர்கள் கிடைக்காமல் இந்தத் தேர்வு தடுக்கிறது என்பது அவர்கள் வாதம். ஆசிரியர் பணிக்குத் தேவையான திறனைத்தான் தேர்வு அளக்கிறது என்று 2000ஆம் ஆண்டில் மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தேர்வு தப்பியது. ஆனால் அந்த வாதம் வெறும் சாக்குப்போக்கல்ல. இங்கே அப்படி ஒரு தேர்வு வந்தால், டியூஷனுக்கு வழியில்லாத தோட்டத்துப் பிள்ளையும் நகரத்துப் பிள்ளையும் ஒரே கோட்டிலிருந்து ஓடப் போவதில்லை. தேர்வோடு பயிற்சியும் சேர்ந்து வராவிட்டால் தமிழ்ப்பள்ளிகளுக்கு ஆசிரியர் கிடைப்பதுதான் குறையும்.

மொழி மாறிய தலைமுறை

தமிழ்ப்பள்ளிகளுக்கு என்றே தனியாக ஒரு சிக்கல் உண்டு. வெளிநாட்டு ஆய்வு எதுவும் அதைத் தொடுவதில்லை.

2003இல் அரசாங்கம் கணிதம், அறிவியல் பாடங்களை ஆங்கிலத்தில் கற்பிக்கும் திட்டத்தை முதலாம் ஆண்டிலேயே தொடங்கியது. தமிழ்ப்பள்ளிகளும் மாறின. ஆசிரியர்களுக்கு மடிக்கணினி கிடைத்தது, ஊக்கத்தொகை கிடைத்தது, ஆங்கிலப் பயிற்சி கிடைத்தது. 2009 ஜூலையில் திட்டத்தைக் கைவிடும் முடிவு அறிவிக்கப்பட்டது. 2011இல் புதிய பாடத்திட்டத்தோடு முதலாம் ஆண்டுக் கணிதம் மீண்டும் தமிழுக்கு வந்தது.

இடையில் 2003 முதல் 2010 வரை முதலாம் ஆண்டில் சேர்ந்த பிள்ளைகள், அதாவது 1996 முதல் 2003 வரை பிறந்தவர்கள், தமிழ்ப்பள்ளியில் படித்தும் கணிதத்தைத் தமிழில் படிக்கவில்லை. இடைநிலைப்பள்ளியில் அவர்கள் படித்தது ஆங்கிலத்திலோ மலாயிலோதான். இன்று தமிழ்ப்பள்ளிகளில் பணியில் சேரும் இளம் ஆசிரியர்கள் அந்தத் தலைமுறைதான். பகுதி, தொகுதி என்ற சொற்களை அவர்களில் பலர் ஆசிரியரான பிறகே பழகுகிறார்கள். மனத்தில் முதலில் வருவது ஆங்கிலச் சொல், அடுத்து 'பெச்சாஹான்', மூன்றாவதாகத்தான் பின்னம்.

சொற்களைப் பட்டியலாகப் படித்துவிடலாம், அது ஒரு மாத வேலை. கணிதத்தைத் தமிழில் நினைப்பதற்கு அதிக காலம் வேண்டும். 'பதினெட்டு' என்பதில் பத்தும் எட்டும் காதிலேயே கேட்கின்றன. கூட்டலைத் தொடங்கும் பிள்ளைக்கு இது பெரிய உதவி. அதே தமிழில் 'தொண்ணூறு' என்பதில் நூறு ஒலிக்கிறது, ஆனால் அது நூறு அல்ல. அந்த இடத்தில் பிள்ளை ஏன் தடுமாறுகிறது என்பது தமிழில் எண்ணிப் பழகிய ஆசிரியருக்கு உடனே பிடிபடும். கால், அரை, முக்கால் என்று தனித்தனிப் பெயர் வைத்திருக்கும் மொழி நம்முடையது. பின்னத்தைப் பாடநூல் தொடங்குவதற்கு முன்பே வீட்டில் முக்கால் கிலோ வெங்காயம் என்று பிள்ளை கேட்டிருக்கிறது. அந்த வீட்டு அறிவை வகுப்புக்குள் கொண்டுவரத் தெரிந்தவர் பாதி வேலையை முடித்துவிட்டார். 2016இல் தொடங்கிய இருமொழிப் பாடத்திட்டத்தை ஒட்டி நம் சமூகத்தில் நடந்த சூடான விவாதம் பிள்ளைகளின் பயிற்று மொழியைச் சுற்றியே நடந்தது. ஆசிரியர் எந்த மொழியில் கணிதம் கற்றவர் என்ற கேள்வி அதில் அடிபட்டுப் போய்விட்டது.

சிறிய பள்ளிகளில் அட்டவணை

ஐந்நூற்றுக்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகளில் கணிசமானவை 150க்கும் குறைவான மாணவர்களைக் கொண்டவை. அமைச்சு இவற்றைக் குறைந்த மாணவர் பள்ளிகள் என்று வகைப்படுத்துகிறது. ஆறு வகுப்புக்கு ஏழெட்டு ஆசிரியர்கள் இருக்கும் பள்ளியில், ஒருவரே மூன்று நான்கு பாடங்களை எடுக்க வேண்டிவரும். கணிதத்தைச் சிறப்புப் பாடமாகப் படித்தவர் ஒருவர் இருந்தால் பெரும்பாலும் அவர் மேல் வகுப்புகளுக்குப் போய்விடுவார். கீழ் வகுப்புக் கணிதம் யாருடைய அட்டவணையில் இடம் இருக்கிறதோ அவருக்குப் போகும். மாணவர் மிகக் குறைந்த பள்ளிகளில் இரண்டு ஆண்டுப் பிள்ளைகளை ஒன்றாக உட்கார வைத்து ஒரே ஆசிரியர் கற்பிப்பதும் உண்டு. அப்படிப்பட்ட பள்ளியில் வேறு துறையில் பயிற்சி பெற்றவர் கணிதம் எடுப்பது விதிமீறலல்ல. அவர் அரசாங்கச் சான்று பெற்ற ஆசிரியர்தான். அவருக்குக் கணிதத்தில் கைகொடுக்கப் பள்ளிக்குள் ஆள் இல்லை என்பதுதான் குறை.

2021இல் யுபிஎஸ்ஆர் தேர்வு நிறுத்தப்பட்ட பிறகு இந்தக் குறை வெளியில் தெரிவதும் குறைந்துவிட்டது. முன்பு கணிதத் தாளின் முடிவு ஆண்டுதோறும் பள்ளியைக் காட்டிக்கொடுத்தது. இப்போது பிள்ளை முதலாம் படிவத்துக்குப் போய், மலாயில் கணிதம் கேட்கத் தொடங்கிய பிறகுதான் பெற்றோர் விழித்துக்கொள்கிறார்கள். அப்போதும் மொழி மாறியதால்தான் தடுமாறுகிறான் என்று சமாதானம் சொல்ல இடமிருக்கிறது. பின்னமே புரியாமல் போன பிள்ளைக்கு மொழி இரண்டாவது பிரச்சினைதான்.

பெற்றோரும் மாணவரும் கேட்கக்கூடியவை

பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில் கேட்பதற்கு உரிய, யாரையும் புண்படுத்தாத கேள்விகள் சில உண்டு. ஒன்றாம், இரண்டாம் ஆண்டுக் கணிதத்தை எடுப்பவர் எந்தத் துறையில் பயிற்சி பெற்றவர்? அவருக்கு இந்த ஆண்டு கணிதம் கற்பித்தல் தொடர்பான பணியிடைப் பயிற்சி ஏதும் கிடைத்ததா? பக்கத்துப் பள்ளிகளின் கணித ஆசிரியர்களோடு சேர்ந்து பாடம் தயாரிக்கும் வாய்ப்பு இருக்கிறதா? மூன்றாவது கேள்விக்குச் செலவே இல்லை. ஒரே வட்டாரத்தில் உள்ள மூன்று சிறிய பள்ளிகள் மாதம் ஒருமுறை சேர்ந்து உட்கார்ந்தால், லிப்பிங் மா சீனாவில் கண்ட பழக்கம் இங்கும் வந்துவிடும். பிள்ளையின் கணக்குப் புத்தகத்தைப் புரட்டுவதும் பயன் தரும். தவறான விடைக்குப் பக்கத்தில் வெறும் சிவப்புக் கோடு மட்டும் இருக்கிறதா, பிள்ளை எங்கே வழுக்கியது என்ற குறிப்பும் இருக்கிறதா என்று பார்க்கலாம்.

நான்காம், ஐந்தாம் படிவத்தில் படித்துக்கொண்டு தமிழ்ப்பள்ளி ஆசிரியராகக் கனவு காணும் பிள்ளைகளுக்கு ஒரு செய்தி. தமிழ்மொழியில் 'ஏ' இருந்தால் போதும் என்று நினைத்துக் கணிதத்தைக் கைவிடுவோர் ஆண்டுதோறும் இருக்கிறார்கள். ஐந்து 'ஏ' கணக்கில் கணிதமும் ஒன்றாக இருந்தால் விண்ணப்பிக்கக்கூடிய துறைகள் கூடும். ஆசிரியர் கல்விக் கழகங்களுக்கான விண்ணப்பம் இணையம் வழி அறிவிக்கப்படுகிறது. துறைவாரியான நிபந்தனைகள் ஆண்டுக்கு ஆண்டு மாறக்கூடியவை. ஆகவே அண்ணன் அக்காள் விண்ணப்பித்தபோது இருந்த விதியை நம்பாமல், அந்தந்த ஆண்டின் விளம்பரத்தைக் கல்வி அமைச்சின் இணையப்பக்கத்தில் முழுமையாகப் படித்த பிறகே துறையைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.